ஆசெம் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தை மாதிரி மாநாடாக நடத்துவது எப்படி?

தேன்மொழி_அரசறிவியல் (கேள்வி)

வணக்கம். எங்கள் கல்லூரி அரசறிவியல் துறையில், மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடிக்கும் ஒரு நாள் மாதிரி மாநாடு வைக்கப் போகிறோம். ஐ.நா. பாதுகாப்பு அவையை எல்லாரும் செய்து அலுத்துவிட்டதால் இந்த முறை ஆசிய-ஐரோப்பியக் கூட்டத்தின் (ஆசெம்) வெளியுறவு அமைச்சர்கள் சந்திப்பை எடுத்திருக்கிறோம். மாணவர்கள் 40 பேர். காலை 9 முதல் மாலை 5 வரை ஓர் அரங்கும் பக்கத்தில் இரண்டு வகுப்பறைகளும் கிடைக்கும்.

தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு என்ற ஐ.நா. விதிகள் இதற்குப் பொருந்தாது என்று தெரிகிறது. அப்படியென்றால் முடிவு எப்படி எடுக்கிறார்கள்? அறிக்கையை யார் எழுதுகிறார்கள்? ஐம்பதுக்கு மேற்பட்ட அமைச்சர்கள் இரண்டே நாளில் எப்படிப் பேசி முடிக்கிறார்கள்? ஒத்துவராத விஷயம் வந்தால் என்ன ஆகும்? 40 பேரை எப்படிப் பிரிப்பது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

வரைவுமேசை

முதல் வேலையாக ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இன்றைய உலக நிலை" என்று பொதுவாக விட்டால் உக்ரைன் போர் ஒன்றே நாள் முழுவதையும் விழுங்கிவிடும். என் பரிந்துரை 2019 டிசம்பர் 15, 16, மாட்ரிட். அது 14ஆவது வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம்; பலதரப்பு முறையை வலுப்படுத்துவது கருப்பொருள். கூட்டம் நடந்தது ஸ்பெயினில் என்றாலும் தலைமை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக்கான உயர் பிரதிநிதி ஜோசப் பொரெல். அந்தப் பதவிக்கு வந்து அவருக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவரை ஸ்பெயினின் வெளியுறவு அமைச்சரே அவர்தான். ஆசியாவில் நடந்தால் கூட்டும் நாட்டு அமைச்சரே தலைமை வகிப்பார்: 2013 டெல்லியில் சல்மான் குர்ஷித், 2017 மியான்மரின் நேப்பிடோவில் ஆங் சான் சூச்சி.

உறுப்பினர் கணக்கு. 1996 மார்ச்சில் பாங்காக்கில் தொடங்கியபோது 26: ஐரோப்பிய ஒன்றியத்தின் 15 நாடுகள், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 7, சீனா, ஜப்பான், தென் கொரியா, இவற்றோடு ஐரோப்பிய ஆணையம். 2014க்குப் பிறகு 53, அதாவது 51 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியம், ஆசியான் செயலகம் என்ற இரண்டு அமைப்புகளும். இந்தியா சேர 2006இல் ஒப்புதல் கிடைத்தது. 2008 பெய்ஜிங் உச்சி மாநாட்டில் முதன்முறை உட்கார்ந்தது. இலங்கையும் நேபாளமும் உறுப்பினர் அல்ல. இலங்கைக்கு ஒரு மாணவரை நியமித்துவிடாதீர்கள்.

இனி முடிவெடுக்கும் முறை. வாக்கெடுப்பு இல்லை, நிரந்தரச் செயலகம் இல்லை. சிங்கப்பூரில் 1997 முதல் இருக்கும் ஆசிய-ஐரோப்பிய அறக்கட்டளை பண்பாடு, கல்வி, மக்களுக்கிடையேயான தொடர்பு வேலைகளைத்தான் பார்க்கிறது. கூட்டத்தை ஓட்டுபவர்கள் ஒருங்கிணைப்பாளர்கள். ஆசியப் பக்கம் ஆசியானுக்கு ஒருவர், வடகிழக்கு மற்றும் தெற்காசியத் தொகுதிக்கு ஒருவர். இந்த இடங்கள் சுழற்சியில் மாறும். ஐரோப்பியப் பக்கம் ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவை நிரந்தரமாக இருக்கும். ரஷ்யா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கசகஸ்தான் எல்லாம் இரண்டாவது ஆசியத் தொகுதிக்குள் வரும். வரைபடத்தைப் பார்த்து ரஷ்யாவை ஐரோப்பிய அறைக்கு அனுப்பிவிடும் மாதிரி மாநாடுகள் உண்டு. அனுப்பினால் கணக்கே மாறிவிடும்.

வெளியாவது கூட்டறிக்கை அல்ல, தலைமையின் அறிக்கை. யாரும் கையெழுத்திடுவதில்லை; "கூட்டத்தில் இவ்வாறு பேசப்பட்டது" என்று தலைமை தன் பொறுப்பில் சொல்கிறது. காகிதத்தில் நிலை இப்படி இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் எல்லாரும் முன்கூட்டியே பார்த்து அடித்துத் திருத்தித்தான் விடுவார்கள். வரிசை இது:

தலைமை முதல் வரைவைச் சுற்றுக்கு விடும். நாடுகள் தங்கள் திருத்தத்தைப் பகர அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் நாட்டின் பெயரோடு திருப்பி அனுப்பும். மூத்த அதிகாரிகள் கூட்டம் அடைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். இவர்கள் சில மாதங்களுக்கு முன்பே கூடுவார்கள். அமைச்சர்கள் வருவதற்கு முதல் நாளும் கூடுவார்கள். அவிழாத இரண்டு மூன்று மட்டும் அமைச்சர்கள் வரை போகும். கடைசியில் மௌன நடைமுறை: "இன்ன மணிக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்" என்று இறுதி வரைவு சுற்றுக்குப் போகும். ஒரு நாடு மறுத்தாலும் மௌனம் உடைந்தது. அந்தப் பத்தி மறுபடி மேசைக்கு வரும்.

மாணவர்கள் வெறும் தாளோடு காலையில் தொடங்கினால் மாலைக்குள் அறிக்கை வராது. நீங்களே 12 பத்தியில், ஆயிரம் சொல்லுக்கு மிகாத வரைவு ஒன்றை எழுதி, ஐந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் நான்கு இடத்தில் மட்டும் பகர அடைப்பு இருக்கட்டும். சண்டை அந்த நான்கு இடத்தில் நடந்தால் போதும்.

நெறிமுறை_அறை

நேரக் கணக்கு என் பங்கு.

53 பேர், ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 159 நிமிடம். ஒருவர் முடித்து அடுத்தவர் மைக்கைத் தொடுவதற்கு அரை நிமிடம் சேர்த்தால் மூன்று மணி நேரம் தாண்டிவிடும். யாரும் 3 நிமிடத்தில் நிறுத்துவதில்லை என்பது வேறு. அதனால் முழு அமர்வை இரண்டு மூன்று தலைப்பாகப் பிரித்து, தலைப்புக்குச் சில முதன்மைப் பேச்சாளர்களை முன்பே குறித்துவிடுவார்கள். மற்றவர்கள் பதிவு செய்த வரிசையில் சுருக்கமாகப் பேசுவார்கள். முழு உரையை எழுத்தில் கொடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்பவர்களும் உண்டு.

அமைச்சரின் மைக்கை யாரும் அணைப்பதில்லை. மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு, அதற்குப் பிறகு தலைமையிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு. உங்கள் நேரக் காப்பாளரும் அப்படியே செய்யட்டும். மணி அடிக்க வேண்டாம்.

ரிட்ரீட் என்கிற மூடிய அமர்வை விட்டுவிடாதீர்கள். அமைச்சர் மட்டும், அல்லது அமைச்சரும் ஓர் அதிகாரியும்தான் உள்ளே. எழுதி வைத்த உரை கிடையாது, ஊடகம் கிடையாது. வட கொரியா, கடல் பாதுகாப்பு போன்ற சூடான விஷயங்களை இங்கேதான் தள்ளுவார்கள். யாருக்கும் முழு உரை தயாரித்து வர அனுமதி இல்லை என்று மாணவர்களிடம் கறாராகச் சொல்லுங்கள். ஐந்து வரிக் குறிப்பு போதும்.

40 பேருக்கு இப்படிப் பிரிக்கலாம்: 18 நாடுகள், நாட்டுக்கு ஓர் அமைச்சரும் ஒரு மூத்த அதிகாரியுமாக 36 பேர். மீதி நால்வர் தலைவர், வரைவாளர், நேரக் காப்பாளர், நெறிமுறை அதிகாரி. வரைவாளரே ஐரோப்பிய ஒருங்கிணைப்பாளராகவும் இருக்கட்டும். ஆசியாவில் பத்து: சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா, பாகிஸ்தான், இந்தோனேசியா, வியட்நாம், சிங்கப்பூர், மியான்மர், ரஷ்யா. ஐரோப்பாவில் எட்டு: ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து, ஹங்கேரி, கிரீஸ், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன். தேதி 2019 டிசம்பர் என்றால் பிரிட்டன் இன்னும் ஒன்றியத்துக்குள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சுவிட்சர்லாந்து ஒன்றிய உறுப்பினர் அல்ல. அது ஐரோப்பிய அறையில் உட்காரலாம், ஒன்றியத்தின் பொது நிலைப்பாட்டை முடிவு செய்யும்போது வாய் திறக்க முடியாது.

நாளின் ஓட்டம்: 9 முதல் 9.45 வரை இரண்டு வகுப்பறைகளிலும் தனித்தனியே பிராந்தியக் குழுக் கூட்டம். 9.45 முதல் 11 வரை அதிகாரிகள் வரைவைப் படிக்க, அதே நேரத்தில் அமைச்சர்கள் அரங்கில் 15 நிமிடத் தவணைகளில் இருதரப்புச் சந்திப்பு நடத்தலாம். 11.15க்கு முழு அமர்வு. 18 பேர் மும்மூன்று நிமிடம் பேசினால் 54, தொடக்கவுரை, இடைவெளிகள் எல்லாம் சேர்த்து 75 நிமிடத்தில் முடியும். பிறகு குழுப் படம், சாப்பாடு. 1.30 முதல் 2.45 வரை ரிட்ரீட். வெளியே அதிகாரிகள் வரைவைச் சுத்தம் செய்வார்கள். 2.45க்கு மௌன நடைமுறை தொடங்கி 3.30க்கு முடியட்டும். உடைந்தால் சரிசெய்ய ஒரு மணி நேரம். 4.30க்கு நிறைவும் செய்தியாளர் சந்திப்பும்.

குழுப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுங்கள். உண்மைக் கூட்டங்களிலும் படத்தை முதல் நாளே முடித்துவிடுவதுதான் நல்லது. இரண்டாம் நாள் பாதி அமைச்சர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், நாற்காலியில் துணை அமைச்சரோ தூதரோ இருப்பார்.

தேன்மொழி_அரசறிவியல்

இருவருக்கும் மிக்க நன்றி. மௌன நடைமுறை இப்போதுதான் பிடிபட்டது. இரண்டு சந்தேகம். நான்கு பகர அடைப்பு என்றீர்களே வரைவுமேசை ஐயா, எந்தெந்த விஷயத்தில் போடலாம்? அடுத்தது, பிராந்தியக் குழுக் கூட்டத்துக்கு 45 நிமிடம் தேவையா? அதையும் முழு அமர்வுக்கே கொடுத்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

வரைவுமேசை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் குறைத்தால் மாநாடே பொய்யாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு நிலைப்பாட்டுக்கு எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதமும் வேண்டும். அவர்கள் பிரஸ்ஸல்ஸில் தங்களுக்குள் பேரம் பேசி முடித்து ஒரே வாசகத்தோடு வருவார்கள். அந்த வாசகத்தில் ஒரு சொல்லை அரங்கில் மாற்றினாலும் திரும்பிப் போய் 28 பேரிடமும் கேட்க வேண்டும் (2019 கணக்கு, இப்போது 27). அதனால் ஐரோப்பியத் தரப்பு வளைந்து கொடுக்காததுபோல் தெரியும். பிடிவாதம் என்று மாணவர்கள் நினைப்பார்கள். கையில் இருப்பது ஏற்கெனவே பேரம் பேசி முடிந்த சரக்கு என்பதுதான் காரணம். ஆசியப் பக்கம் நேர்மாறு. ஆசியானுக்குள் கருத்தொருமிப்பு உண்டு, ஆனால் சீனா, இந்தியா, ஜப்பான், ரஷ்யா, பாகிஸ்தானுக்கு ஒரு பொது நிலைப்பாடு என்று எதுவும் கிடையாது. ஒருபக்கம் ஒரே குரல், மறுபக்கம் பத்துக் குரல். இந்த ஏற்றத்தாழ்வு தெரியவேண்டுமானால் காலைக் குழுக் கூட்டம் நடந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய அறையில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் வாசகம் இல்லை என்ற விதியைப் போடுங்கள். எளிதில் தலையாட்டாத ஹங்கேரியையும் கிரீஸையும் நெறிமுறை_அறை பட்டியலில் சேர்க்கச் சொன்னது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இனி அடைப்புகள்.

நான் முதலில் வைப்பது இணைப்புத்திறன் பத்தி, அதாவது சாலை, ரயில், துறைமுகம் என்று நாடுகளை இணைப்பது பற்றியது. 2016இல் மங்கோலியாவின் உலான்பாத்தரில் நடந்த ஆசெம் உச்சி மாநாட்டில் இதற்காகவே ஒரு குழு அமைத்தார்கள். 2017 நேப்பிடோவில் அதற்கு ஒரு வரையறை ஏற்கப்பட்டது. வெளிப்படைத்தன்மை, சந்தைக் கொள்கை, சமமான போட்டிக்களம், நிதி தாங்கும் திறன் எல்லாம் அதில் உண்டு. நிர்வாகச் சொற்களாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தை மனதில் வைத்துப் பேசப்பட்டவை. இந்தியா 2017 மே மாதம் பெய்ஜிங்கில் நடந்த பட்டுப்பாதை மன்றத்துக்கே போகவில்லை. சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீர் வழியாகப் போவதால் "இறையாண்மை, நிலப்பரப்பு ஒருமைப்பாடு" என்ற சொற்களை வலியுறுத்தியது. எனவே அடைப்புக்குள் [இறையாண்மையையும் நிலப்பரப்பு ஒருமைப்பாட்டையும் மதித்து – இந்தியா] என்று போடுங்கள். பாகிஸ்தானும் சீனாவும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஐரோப்பியர்கள் நிதி தாங்கும் திறனைக் காப்பாற்றுவதில் குறியாக இருந்து, இந்தச் சொல்லில் யார் பக்கமும் சாயாமல் நழுவப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, கடல் பாதுகாப்பு. 2016 ஜூலை 12இல் தென்சீனக் கடல் வழக்கில் ஹேக் நடுவர் மன்றத் தீர்ப்பு சீனாவுக்கு எதிராக வந்தது. மூன்று நாள் கழித்து உலான்பாத்தரில் தலைவர்கள் கூடினார்கள். அங்கே வெளியான அறிக்கையில் 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இருந்தது, கடற்பயண உரிமை இருந்தது, தென்சீனக் கடல் என்ற பெயர் இல்லை. உங்கள் வரைவில் [தென்சீனக் கடல் உள்பட – வியட்நாம்] என்று போட்டால் போதும், மற்றது தானே நடக்கும்.

மூன்றாவது பயங்கரவாதம்: "எல்லை தாண்டிய" என்ற அடைமொழி இருக்கலாமா கூடாதா என்பது. நான்காவது பாரிஸ் ஒப்பந்தத்தையும் ஈரான் அணுசக்தி உடன்பாட்டையும் ஒரே பத்தியில் வைத்துவிடுங்கள். ஈரான் உடன்பாட்டிலிருந்து அமெரிக்கா 2018இல் விலகியது, பாரிஸிலிருந்து விலகும் அறிவிப்பை 2019 நவம்பரில் கொடுத்தது; அமெரிக்காவோ அறையில் இல்லை. இதில் இரண்டு கண்டங்களும் எளிதில் ஒத்துப்போகும். எல்லாமே சண்டையாக இருந்தால் மாணவர்கள் சோர்ந்துவிடுவார்கள், ஒன்றாவது சுலபமாக முடியட்டும்.

ஒத்துவராவிட்டால் மூன்று வழி. பழைய ஐ.நா. தீர்மானத்திலோ முந்தைய ஆசெம் அறிக்கையிலோ எல்லாரும் ஏற்ற வாசகத்தை அப்படியே தூக்கி வைப்பது முதல் வழி; இதுதான் அதிகம் நடக்கும். இரண்டாவது, எழுவாயைத் தளர்த்துவது. "அமைச்சர்கள் வலியுறுத்தினார்கள்" என்றால் அனைவரும். "பெரும்பாலானோர்", "பலர்", "சிலர்" என்று படிப்படியாக இறங்கலாம். மூன்றாவது, பத்தியையே எடுத்துவிடுவது.

கீழ்வரிசை

ஆசெமை எடுத்ததே தவறான தேர்வு என்பது என் கருத்து. யாரையும் கட்டுப்படுத்தாத அறிக்கைக்காக ஒரு நாள் முழுக்க வாசகத்தோடு மல்லுக்கட்டுவதில் மாணவர்கள் என்ன கற்பார்கள்? ஆசியான்-ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் கூட்டத்தை எடுத்திருக்கலாம். 1978 முதல் நடக்கிறது, 1980இல் கோலாலம்பூரில் கையெழுத்தான ஒத்துழைப்பு ஒப்பந்தம் பின்னால் இருக்கிறது, பணமும் திட்டமும் இருக்கின்றன. ஆசெமில் அமைச்சர்கள் போவதே ஓரத்தில் நடக்கும் இருதரப்புச் சந்திப்புகளுக்காகத்தான்.

நெறிமுறை_அறை

ஓரச் சந்திப்புக்காகத்தான் போகிறார்கள் என்பது உண்மை. அது குறை அல்ல, வசதி. 50 தலைநகரங்களுக்குத் தனித்தனியே பறக்க வேண்டியதை இரண்டு நாளில் முடிக்கலாம். கூட்டும் நாடு சிறு அறைகளைத் தடுத்து 20, 30 நிமிடத் தவணையாக ஒதுக்கும். அந்த அட்டவணைக்குத்தான் நிஜமான அடிதடி. காலைத் தவணைகளை நீங்களும் முன்பதிவு முறையில் கொடுங்கள். இந்தியாவைப் பார்க்க ஐந்து பேர் இருப்பார்கள், மியான்மரைப் பார்க்க ஒருவரும் இல்லை என்ற நிலை வரும். அதுவே ஒரு பாடம்.

ஒப்பந்தம் இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 1997இல் மியான்மர் ஆசியானில் சேர்ந்ததும் நீங்கள் சொல்லும் அந்த அமைச்சர்கள் கூட்டமே தடைப்பட்டு, 2000 டிசம்பரில் லாவோஸின் வியஞ்சானில்தான் மறுபடி கூடியது.

அதே மியான்மர் ஆசெமிலும் முட்டுக்கட்டை போட்டது. மாலையில் திடீர் நெருக்கடி ஒன்று வேண்டுமென்றால் அது நடந்த 2004ஆம் வருடத்தையே எடுக்கலாம். 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அவை ஆசெமுக்குள் வர ஆசியா சொன்ன நிபந்தனை: கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூன்றும் சேர்ந்தே வரும். மியான்மர் ராணுவ ஆட்சியோடு உட்கார முடியாது என்றது ஐரோப்பா. அந்த ஆண்டின் நிதி, பொருளாதார அமைச்சர்கள் கூட்டங்கள் ரத்தாயின. அக்டோபரில் ஹனோயில் 13 நாடுகளும் சேர்ந்தன. மியான்மரிலிருந்து அரசுத் தலைவர் வராமல் அதற்குக் கீழ்நிலைப் பிரதிநிதி வருவது என்று ஒப்பேற்றினார்கள். புதிய உறுப்பினருக்கு முதலில் தன் பிராந்தியத்தின் சம்மதம், பிறகு எல்லாருடைய சம்மதம் என்ற இரட்டைப் பூட்டு விதி இருப்பதால்தான் இந்த மாதிரிப் பண்டமாற்று சாத்தியமாகிறது.

கீழ்வரிசை

2004 கதை ஏற்கத்தக்கது. 2019 மாட்ரிடைவிட அதுவே மாநாட்டுக்கு நல்ல பொருள் என்பேன். ஆனாலும் 40 பேருக்கு ஒரே கேள்வி போதாது.

தேன்மொழி_அரசறிவியல்

மாட்ரிடையே வைத்துக்கொள்கிறோம். கடைசியாக ஒன்று: 3.30க்கு மௌனம் உடைந்து, 4.30 வரையும் ஒரு நாடு இறங்கி வராவிட்டால்? அறிக்கையே இல்லாமல் முடிக்கலாமா? இன்னொன்று, அமைச்சராக நடிக்கும் மாணவர் வராவிட்டால் அதிகாரி அந்த இடத்தில் உட்காரலாமா?

வரைவுமேசை

அறிக்கை இல்லாமலும் முடியும், ஆனால் அதன் விலையைச் சொல்லிவிடுங்கள். 2012 ஜூலையில் புனோம் பென்னில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் தென்சீனக் கடல் வாசகத்தில் முட்டிக்கொண்டு, அமைப்பின் 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறை கூட்டறிக்கை இல்லாமல் கலைந்தார்கள். பழி முழுக்கத் தலைமை வகித்த கம்போடியா மேல் விழுந்தது. இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நத்தலேகாவா தலைநகரம் தலைநகரமாக ஓடி, ஒரே வாரத்தில் ஆறு அம்சக் கோட்பாடு என்று ஒன்றைக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார். ஆகவே உங்கள் தலைவராக இருக்கும் மாணவருக்குத்தான் அழுத்தம் அதிகம். அந்தப் பொறுப்பை நன்றாகப் பேசுபவருக்குக் கொடுக்காதீர்கள், நன்றாகக் கேட்பவருக்குக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. 2023 மார்ச்சில் டெல்லியில் நடந்த ஜி20 வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் உக்ரைன் பற்றிய 3ஆம், 4ஆம் பத்திகளை ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை. ஆவணத்துக்குத் "தலைமையின் சுருக்கமும் விளைவு ஆவணமும்" என்று பெயர் வைத்து, அந்த இரண்டு நாடுகள் தவிர மற்றவர்கள் ஏற்றார்கள் என்று அடிக்குறிப்பு போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியமும் லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளும், ஆக 60 நாடுகள் கூடியபோது, உக்ரைன் பத்திக்கு நிகரகுவா மட்டும் உடன்படவில்லை. பெயரைச் சொல்லாமல், ஒரு பத்தியில் உடன்பாடு இல்லாததால் ஒரு நாடு தவிர அனைவரும் ஏற்றதாக எழுதினார்கள். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தலைவர் 4.15க்குள் முடிவு செய்யட்டும். அடிக்குறிப்பு வரும் என்று மெல்ல எச்சரித்தாலே சில நாடுகள் இறங்கி வரும், சில நாடுகள் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

நெறிமுறை_அறை

அமைச்சர் வராவிட்டால் அதிகாரி தாராளமாக உட்காரலாம், பேச்சாளர் வரிசையில் அமைச்சர்கள் எல்லாரும் முடித்த பிறகு அவர் முறை வரும். குழுப் படத்தில் பின்வரிசை. ஓரச் சந்திப்பில் ஏதேனும் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதாக மாணவர்கள் திட்டமிட்டிருந்தால் மட்டும் கவனம்: உடன்படிக்கைகளின் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 7ஆவது பிரிவுப்படி, நாட்டின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் முழு அதிகாரப் பத்திரம் வெளியுறவு அமைச்சருக்குத் தேவையில்லை, அவருக்குப் பதில் வருபவரிடம் அது இருக்க வேண்டும். ஒரு தாளில் அச்சடித்து, "அமைச்சர்" கையெழுத்தோடு முன்கூட்டியே நெறிமுறை அதிகாரியிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயர்ப்பலகைகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்குங்கள், கொடிகளைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறதா என்று 8.30க்கே ஒருவர் பார்த்துவிடட்டும். போலந்து, இந்தோனேசியக் கொடிகள் ஒன்றுக்கொன்று தலைகீழ். உங்கள் பட்டியலில் இரண்டு நாடுகளுமே இருக்கின்றன.